மெருகேற்றிய சாட்சி

மார்ச் 3, திங்கள்

இன்று காலை நான் ஒரு சைக்கிள் திருடன். பதினொரு மணிக்கு மாமியார். சாப்பாட்டுக்குப் பிறகு லாரி டிரைவர், அதுவும் மீசை வைத்தவர். "நான் பிரேக்கை மிதித்தேன், அதுதான் என்னை மதிக்கவில்லை" என்று நான் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது டிரைவர் சொன்னது. சிரிப்பு மட்டும் எனக்குக் கிடைத்தது.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை இதுதான். கூண்டில் நிற்பவர் நம்ம பாஷையில் சொல்வதை, பக்கத்தில் நின்று நீதிபதிக்குக் கோர்ட் பாஷையில் சொல்ல வேண்டும். "அவர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பிக்கக் கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்". அவர் அழுதால் மட்டும் நான் அழ வேண்டியதில்லையாம். அப்பா சொன்னார்.

அப்பா இதே கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்கைக் கூப்பிடுவதும், சாட்சி சொல்வதை எழுதுவதும் அவர் வேலை. பழைய மொழிபெயர்ப்பாளர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இடம் காலி. வீட்டில் ஒரு வாய் சும்மா கிடக்கிறதே என்று என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பதினெட்டு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சத்தியப் பிரமாணம் வாங்கிவிட்டார்கள்.

வழக்கைத் தள்ளிப்போட்டால் அதற்கு வாய்தா என்று பெயர். ஆளாளுக்கு வாய்தா, வாய்தா என்று கேட்கிறார்கள். நானும் வாயைத் தந்துவிட்டு நிற்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நான் ஏன் இங்கே? எழுதினால் எரிச்சல் குறைகிறதா, பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தின் கடைசி மாதம், ஒலிபெருக்கி அறை திறந்து கிடந்தது. தலைமையாசிரியையின் குரலில், "தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. மாணவர்கள் அமைதியாக வீட்டுக்குச் செல்லவும்" என்று அறிவித்தேன். அந்த "அமைதியாக"தான் என் கைவண்ணம். அது இல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே காலி. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலைமையாசிரியை உள்ளே.

ஆகவே எனக்கு நன்னடத்தைச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் நாடகப் பள்ளியில் சேர முடியாது. குரல் மாற்றிப் பேசப் படிப்பதற்கு, குரல் மாற்றிப் பேசாத பிள்ளை என்று சான்று வேண்டும். இதை யாரிடம் போய்ச் சிரிப்பது?

ஜூன் வரை ஒழுங்காக வேலை பார்த்தால் நீதிபதி மேடமே சான்று தருவாராம். அப்பா பேசிவைத்திருக்கிறார். அதுவரை நாள் முழுக்கப் பேசுவேன், அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, சாட்சியோடு பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது. சாட்சிகளாவது சொல்லி முடித்துக் கூண்டிலிருந்து இறங்கிப் போகிறார்கள். நான் அங்கேயே நிற்கிறேன், அடுத்த ஆளுக்கு.

மார்ச் 7, வெள்ளி

குறுக்கு விசாரணை, மதியம் முழுக்க. எனக்குக் குறுக்கு வலி. அம்மா தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "பேசுற வேலைக்கு முதுகு ஏண்டி வலிக்குது?" என்றாள். நின்னுக்கிட்டே பேசிப் பாரும்மா, அதுவும் அடுத்தவங்க பொய்யை.

மார்ச் 13, வியாழன்

கோர்ட் வராந்தாவில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "கண்ணு, காலர்ல பட்டன் தொங்குது பாரு" என்றாள். நான் குனிந்து பார்ப்பதற்குள் தோள் பக்கத்தில் குத்திவைத்திருந்த ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். போட்டிருக்கிற சட்டையில்!

"அசையாதே, கழுத்தையும் சேர்த்துத் தைச்சிடுவேன்."

"கழுத்து பரவால்லக்கா. என் வாயைத் தைக்கத்தான் எங்க வீட்ல ஆள் தேடறாங்க."

"அதுக்கு ரெட்டை நூல் வேணும் போலிருக்கே" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

இந்தக் கட்டடத்தில் என்னை என் பேச்சுக்குப் பேசவிட்ட முதல் ஆள். பட்டன் அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

அப்பா பார்த்துவிட்டார். "அவங்க அடுத்த வாரம் சாட்சி. அவங்களோட உனக்கு என்ன பேச்சு?"

"பேசலப்பா, தைச்சாங்க."

"அதுவும் கூடாது."

வழக்கை அவரே சொன்னார். அக்கா தையல்காரி. இறந்துபோன புருஷனின் வீட்டில் இருக்கிறாள், முன்னறையில் மெஷின். ஒரு நாள் கொழுந்தன் காகிதம் கொண்டுவந்து, "கரண்ட் மீட்டருக்குப் பேர் மாத்தணும் அண்ணி, ஒரு கையெழுத்து" என்றிருக்கிறான். போட்டிருக்கிறாள். அது வீட்டையே அவனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். இருந்தது கோர்ட் பாஷையில். அக்காவுக்கு அந்தப் பாஷை தெரியாது. கொழுந்தன் கோர்ட்டில் சொல்வது: "வரிக்கு வரி விளக்கினேன். அண்ணி விவரமானவங்க, புரிஞ்சுதான் போட்டாங்க."

ஆக, அக்கா விவரமானவளா இல்லையா, அவ்வளவுதான் வழக்கு. விவரமானவள் என்று முடிவானால் மெஷினோடு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

மார்ச் 19, புதன்

பட்டன் அக்கா கூண்டில். கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிப்பது மாதிரி.

வக்கீல்கள் இருவருக்கும் நம்ம பாஷை வராது. அவளுடைய வக்கீல் கேட்டார்: "கையெழுத்துப் போட்ட அன்று என்ன நடந்தது?"

"அது வந்து... வெயில் நேரம். இல்ல, வெயில் தாழ்ந்துடுச்சு. யார் சட்டையோ தைச்சிட்டிருந்தேன். வந்தாரு. மீட்டருன்னாரு. எங்க போடணும்னேன். கோடு போட்ட எடம்னாரு. ரெண்டு எடத்துல கோடு இருந்துச்சு. மேல போட்டேனா, கீழயா... அப்புறம் டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்."

எதிர்ப்பக்க வக்கீல் (ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இருமுவார், எனவே இருமல் வக்கீல்) அவள் தடுமாறுவதைக் கண்டு பக்கத்து ஆளைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்ன கேலி? இருங்கடா. கோர்ட் பாஷையில் இப்படிச் சொன்னேன்:

"அன்று மாலை நான் பணியில் ஈடுபட்டிருந்தேன். மின் இணைப்புப் பெயர் மாற்றம் தொடர்பான ஆவணம் என்று என் கொழுந்தன் தெரிவித்தார். அவர்மீது கொண்ட நம்பிக்கையின் அடிப்படையில் உரிய இடத்தில் கையொப்பமிட்டேன்."

எப்படி! டீயை விட்டேன், கோட்டை விட்டேன், வெயிலையும் விட்டேன். குரலில் கொஞ்சம் கம்பீரம் சேர்த்தேன். இருமல் வக்கீலின் உதடு நேராகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பதிலும் அப்படித்தான். அக்கா கந்தல் கந்தலாகக் கொடுத்ததை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். முடிவில் மேடம், "மிகத் தெளிவான சாட்சி" என்றார்.

நான் இங்கே வந்ததிலிருந்து சந்தோஷமாக இருந்தது இன்றுதான்.

வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "நல்லாப் பேசினே" என்றார். பாராட்டா? முகம் அப்படி இல்லையே.

மார்ச் 20, வியாழன்

செத்தேன்.

இருமல் வக்கீலின் முறை. இருமினார். "'அவர்மீது கொண்ட நம்பிக்கையின் அடிப்படையில்' என்றீர்கள். 'ஆவணம்' என்றீர்கள். சட்டக் கல்லூரியில் படித்தவர் போலப் பேசுகிறீர்கள். இவ்வளவு தெளிவுள்ளவர், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்?"

இதை நான்தான் அக்காவிடம் சொல்ல வேண்டும். என் வார்த்தைகளை எடுத்து அவள் தலையில் வைத்துக் கேட்கிறார். நானே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

அக்கா விழித்தாள். "நான் அப்படியா சொன்னேன்?"

இனி மெருகு வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று மாறினேன். அவள் "அது வந்து" என்றால் நானும் "அது வந்து". அவள் பாதியில் நின்றால் நானும் நின்றேன். சரியாகிவிடும் என்றுதானே? இருமல் வக்கீல் மேடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கவனியுங்கள் மேடம். நேற்றுத் தண்ணீராக ஓடிய பேச்சு இன்று நொண்டுகிறது. அப்பாவி வேஷம் போடச் சொல்லி யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள்."

நேற்று நன்றாகப் பேசவைத்து ஒரு குழி. இன்று உண்மையைப் பேசவைத்து இன்னொன்று. இரண்டையும் தோண்டியது நான்.

அக்கா என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள். "கண்ணு, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

என்னிடம்தான் கேட்டாள். ஆனால் கூண்டுக்குள் சொன்னது எதையும் விடக் கூடாது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொன்னேன்:

"நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?"

மேடத்தின் பேனா நின்றது. பிறகு எழுதியது. கீழே அப்பாவும் எழுதினார்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குள் இருந்தவரிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

"அப்பா, புதன்கிழமை நான் மெருகு போட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கும் நம்ம பாஷை தெரியும்டி. பொறந்ததிலேர்ந்து."

"அப்ப ஏம்ப்பா தடுக்கல?"

"பெஞ்ச் கிளார்க்குக்குக் கைதான் உண்டு, காது கிடையாது. கோர்ட் பாஷையில நீ என்ன சொல்றியோ அதைத்தான் நான் எழுதணும். கூண்டுல இருக்கிறவங்க சொல்றது என் காதுல விழக்கூடாது."

"மேடம்கிட்ட சொல்லிடலாமா?"

கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"சொல்லு. நீ நின்ன எல்லா வழக்கையும் தோண்டுவாங்க. சத்தியம் பண்ணிட்டு மீறினவள்னு எழுதுவாங்க. சான்று போச்சு. உன்னைக் கொண்டுவந்தது யாரு? தெரிஞ்சும் பேசாம உட்கார்ந்திருந்தது யாரு?" நுரையைத் துடைத்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்மா. அந்த நாற்காலியிலயே முடிச்சிடறேனே."

முடிச்சிடறேனே — கெஞ்சினார். அப்பா. என்னிடம். திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்துப் பேசியிருப்பேன். கெஞ்சினால் என்ன செய்வது?

மார்ச் 24, திங்கள்

அக்காவின் தெரு வழியாக வந்தேன். சுற்றுவழிதான். எதிர்ப் பக்கமாக, பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி.

முன்னறைக் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் உள்ளே சுவரை அளந்துகொண்டிருந்தான். அக்காவின் அளவு நாடாவால். "கொஞ்சம் அந்த நுனியைப் பிடிங்க அண்ணி" என்றான். அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் மேல" என்றான். குதிகாலை எக்கி மேலே பிடித்தாள்.

தன்னை வெளியேற்றுவதற்கு அளக்கிறான், நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவளையா நான் விவரமானவளாக்கினேன்? இதை மேடம் ஒரு தடவை பார்த்தால் போதுமே.

மார்ச் 25, செவ்வாய்

மேடத்துக்குப் போன் போட்டு வேறு யாராவது குரலில் சொல்லிவிட்டால்? இருமல் வக்கீல் குரல் எனக்கு நன்றாக வரும். இருமிக்கூடப் பார்த்தேன். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். இன்னொரு ஆள் குரலா? இருப்பதே போதும்.

மார்ச் 28, வெள்ளி

புதன்கிழமை இறுதி வாதம். அதற்குப் பிறகு தீர்ப்புதான்.

அம்மா: "ரெண்டு பேரும் ஊமையாட்டம் சாப்பிடறீங்க. இன்னிக்கு உப்பே போடல நான். ஒருத்தராவது கேட்டீங்களா?"

அப்பா தட்டைப் பார்த்தார். நான் தம்ளரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

வாதம் நடக்கும் நாளில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. கூண்டு காலியாக இருக்கும். ஆனாலும் போய் என் இடத்தில் நின்றேன். அப்பா வழக்கைக் கூப்பிடும்போது என்னைப் பார்த்தார். குரல் ஒரு படி இறங்கியது. தலையை மட்டும் லேசாக ஆட்டினார்: வேண்டாம்.

இருமல் வக்கீல் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பித்துவிட்டால் நடுவே புக முடியாது.

"மேடம், மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "எந்தப் பதிலில்?" என்றார் மேடம்.

"பத்தொன்பதாம் தேதி சொன்ன எல்லாப் பதிலிலும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் யாராவது சிரிப்பார்கள் என்று பழகிய காதுக்கு அது ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தது. அக்கா சொன்னதை அப்படியே சொல்லாமல் அழகுபடுத்திச் சொன்னேன், அந்தப் பெரிய வார்த்தைகள் எதுவும் அவர்களுடையது இல்லை என்றேன். இருமல் வக்கீல் இருமக்கூட மறந்து குதித்தார். "தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் புதுக் கதை!"

மேடம் என்னையே பார்த்தார். "அந்த அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

ஞாபகமா? எனக்கு ஒரு குரல் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். சொன்னேன். முதலில் நம்ம பாஷையில், அக்காவின் குரலில், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, வெயில், சட்டை, கோடு, மேலேயா கீழேயா, டீ. பிறகு ஒவ்வொன்றாகக் கோர்ட் பாஷையில், எதையும் தொடாமல். பின்வரிசையில் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தன் குரல் தனக்கு வெளியே போவதை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இது உண்மை என்று நான் எப்படி நம்புவது?" என்றார் மேடம். பிறகு கீழே குனிந்தார். "கிளார்க், உங்களுக்கு அந்தப் பாஷை தெரியும்தானே. அன்று நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள்."

அப்பா எழுந்திருக்கவில்லை. பேனா மூடியைத் திருகினார். மறுபடி திறந்தார். காது கேட்கவில்லை என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொன்னால் நான் பொய்க்காரி, அவர் நாற்காலி பத்திரம்.

எழுந்தார்.

"ஆமாம் மேடம். அவங்க சொன்னது இப்படித்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஏப்ரல் 3, வியாழன்

வேலையிலிருந்து நீக்கம். சான்று கிடையாது. நாடகப் பள்ளிக்கு இந்த வருஷம் நாமம். அக்காவின் சாட்சியம் ரத்து, புது மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி முதலிலிருந்து. நான் நின்ற மற்ற வழக்குகளில் ஒவ்வொன்றாக என்னையே கூண்டில் ஏற்றிக் கேட்பார்களாம்.

அப்பாவைப் பழைய வழக்குக் கட்டுகள் வைக்கும் பதிவறைக்கு மாற்றிவிட்டார்கள். அடித்தளம். ஜன்னல் கிடையாது.

அம்மா என்னைத் திட்டினாள், அப்பாவைத் திட்டினாள், பிறகு கடுகு டப்பாவைத் திட்டினாள். அப்பா என்னிடம் பேசவே இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பொதுமக்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதற்குத் தடை இல்லை.

புது மொழிபெயர்ப்பாளர் தூங்குமூஞ்சி. ஒரு ஏற்ற இறக்கம் கிடையாது. அக்கா "அது வந்து" என்றதும் அவரும் "அது வந்து" என்றார், தபால் முத்திரை குத்துகிற மாதிரி. டீயைச் சொன்னார். இரண்டு கோட்டையும் சொன்னார். அக்கா பேச்சை நிறுத்தியபோது கைகட்டிக்கொண்டு அவரும் நின்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த இடைவெளியில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும் போல. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

இருமல் வக்கீல் கேட்டார்: "வேறு ஏதாவது காகிதத்தை உங்கள் கொழுந்தன் கொடுத்தாலும் இப்படித்தான் போடுவீர்களா?"

"வீட்டு ஆளு கேட்டா போடாம?" என்றாள் அக்கா. தூங்குமூஞ்சி அதை அப்படியே சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மே 9, வெள்ளி

இன்று சைக்கிள் வழக்கில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "ஏதாவது சேர்த்தீர்களா?" "ஒரே ஒரு 'தயவுசெய்து' சேர்த்தேன்." "ஏன்?" "அவர் திருடினாலும் மரியாதையான ஆள் மாதிரி இருந்தார்." எழுதிக்கொண்டார்கள். இன்னும் எத்தனை வழக்கு! கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபோதாவது வேறு வேறு ஆளாக இருந்தேன். இப்போது ஒவ்வொரு தடவையும் நானேதான்.

ஜூன் 11, புதன்

அப்பா சட்டையிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி. "இன்னிக்குத் தீர்ப்பு. ஏமாத்தி வாங்கின கையெழுத்து செல்லாதாம். வீடு அந்தம்மாவுக்கே."

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் துண்டை எடு" என்றார். ஏப்ரல் இரண்டாம் தேதிக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

ஜூன் 12, வியாழன்

இன்று மாமியார் வழக்கு. என்னைக் கூப்பிடும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டன் அக்கா தீர்ப்பு நகல் வாங்க வந்தவள், என்னைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி நாங்கள் பேசலாம். வழக்கில் இப்போது நான் அவளுக்கு யாரும் இல்லை.

"வீடு நின்னுடுச்சு கண்ணு."

"கேள்விப்பட்டேன்க்கா."

"உனக்கு வேலை போயிடுச்சாமே. அப்பாவையும் கீழே போட்டுட்டாங்களாம். என்னாலதானே?"

"உங்களால இல்லக்கா. என் வாயால."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ ஏன் கண்ணு அன்னிக்கு என்னை அப்படிப் பேச வெச்சே?"

"நல்லாருக்கும்னு நினைச்சேன்க்கா."

"ஏன், நான் பேசினது நல்லாயில்லையா?"

கோபமே இல்லை. கை நீளம் போதுமா என்று கேட்பது மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கூண்டில் ஏறினேன்.